கட்டுச்சோறும் ஒரு மலையும்

ஜவ்வாது மலையைச் சுற்றியிருக்கும் ஊர்கள் கை உழைப்பில் வாழ்கிற ஊர்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் தோலைப் பதப்படுத்தி, செருப்பும் ஷூவுமாக வெளிநாட்டுக்கு அனுப்புகின்றன. ஆரணியில் பட்டுத்தறி. குடியாத்தத்தில் கைலியும் தீப்பெட்டியும். வேலூர் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். போளூர், செங்கம் பக்கம் நெல், கரும்பு, மல்லாட்டை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்தில் ஒரு நாள் விடுமுறையைத் தொழிலாளியின் உரிமையாக்கியது. ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்ணுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை கிடைத்துவிடுகிறது. பீடி சுற்றுகிறவருக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி. சுற்றாத நாளுக்குக் காசு கிடையாது. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு நாளைத் துணி துவைக்கவும் கடன் கேட்டுப் போகவும் செலவழிக்காமல், பிள்ளைகளோடு எங்காவது போய்வரலாம் என்று யாராவது வாய்விட்டுச் சொல்வதற்கே கொஞ்சம் துணிச்சல் வேண்டும். சொன்ன உடனே வீட்டில் எழும் முதல் கேள்வி, எவ்வளவு ஆகும் என்பது.

இந்த ஊர்களில் நின்று அடிவானத்தைப் பார்த்தால் நீலமாக ஒரு கோடு தெரியும். அதுதான் அந்தக் கேள்விக்கு மிக மலிவான விடை.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது, சுமார் 80 கிலோமீட்டர் நீளமும் 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல் அகலமும் கொண்டு திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. செய்யாறு பிறப்பது இங்கேதான். மலைமேல் முக்கியமான ஊர் ஜமுனாமரத்தூர். போளூரிலிருந்து ஒரு சாலை ஏறி வருகிறது, ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக இன்னொன்று. ஊட்டியைப் போல மலை ரயிலோ, கொடைக்கானலைப் போல ஏரியைச் சுற்றி விடுதி வரிசையோ இங்கு இல்லை. வெள்ளைக்காரன் கோடைக்குத் தங்குவதற்கென்று கட்டிய ஊர் இல்லை என்பதால், பங்களாக்களின் நினைவும் இல்லை. சாமைக் கொல்லைகள், பலா மரங்கள், புளிய மரங்கள், பாறைகள், ஓடைகள், ஓட்டு வீடுகள், நடுவே மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களின் ஊர்கள். ஒரு நாள் உலாவுக்கு வரும் குடும்பத்துக்கு இதில் எதுவும் டிக்கெட் வாங்கிப் பார்க்க வேண்டிய பொருளில்லை.

இந்த மலைப்பக்கம் காசில்லாமல் குடும்பத்தோடு வருவது புதிய வழக்கமும் இல்லை. தமிழில் கிடைக்கும் மிகப் பழைய பயண வழிகாட்டி நூல்களில் ஒன்று இந்த வட்டாரத்தைப் பற்றியதுதான். பத்துப்பாட்டில் கடைசியாக வைக்கப்பட்டிருக்கும் மலைபடுகடாம், பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடிகள். பாட்டுடைத் தலைவன் நன்னன். அவனுடைய செங்கண்மா இன்றைய செங்கம். அவனுடைய நவிர மலையை இன்றைய பர்வதமலை என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். பாட்டில் வரும் சேயாறு, ஜவ்வாதில் பிறந்து செங்கத்தைக் கடந்து இன்றும் ஓடுகிற செய்யாறு. பரிசில் பெற்றுத் திரும்பும் ஒரு கூத்தன், எதிரே வறுமையோடு வரும் இன்னொரு கூத்தனுக்கு வழி சொல்வதாக அமைந்த பாட்டு அது. வழி கேட்பவன் தனியாக வரவில்லை. விறலியர், இசைக்கருவிகளைச் சுமந்த உறவினர் என்று பெரிய கூட்டமே அவனோடு வருகிறது. கையில் காசில்லாத ஒரு குடும்பம் மலையைக் கடக்கிறது என்பதுதான் பாட்டின் சூழல்.

வழி சொல்கிறவன் அரண்மனையின் பெருமையை மட்டும் பேசிவிட்டுப் போகவில்லை. எந்த இடத்தில் காட்டுப்பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், எங்கே பரண்மேல் இருப்பவன் வீசும் கவண்கல் பறந்து வரும், எங்கே பாம்பு ஒளிந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். நீர் தேங்கிய இடத்தில் நுண்ணிய பாசி படர்ந்து காலை வழுக்கும், ஆகையால் அங்கே வளர்ந்திருக்கும் சிறு மூங்கிலையும் கோரைத் தண்டையும் பற்றிக்கொண்டு கடந்து போங்கள் என்கிறான். மலையில் எழும் ஓசைகளைக் கேட்டுக்கொண்டே போகச் சொல்கிறான்: கிளி விரட்டும் பெண்களின் கூவல், தினை குற்றுகிறவர்களின் பாட்டு, முள்ளம்பன்றியிடம் அடிபட்ட வேட்டைக்காரர்களின் அழுகை. சாப்பாட்டைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம் என்கிறான். சிற்றூருக்குள் வாசலில் தயங்கி நிற்காமல் சொந்த வீட்டுக்குள் போவது போலப் போகலாம். உறவினரைப் போல இன்சொல் சொல்லி, நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் தருவார்கள். வழியில் ஓரிடத்தில் மூங்கிலரிசியும் மேட்டு நிலத்து நெல்லரிசியும் அவரையும் சேர்த்த புளிங்கூழ் கிடைக்கும்.

சங்கப் பாட்டைத் திணை, துறை, உவமை என்று மட்டும் படித்து வந்தவர்களுக்கு இந்தப் பகுதிகள் சாதாரணமாகத் தோன்றக்கூடும். பிள்ளை குட்டியோடு மலையேறுகிறவருக்கு இதைவிட உதவியான எழுத்து இல்லை. எங்கே வழுக்கும், எங்கே சோறு கிடைக்கும், எதைக் கேட்டு நிற்க வேண்டும்: ஒரு நாள் பயணத்துக்குத் தெரிந்திருக்க வேண்டியவை இவ்வளவுதான்.

இன்று சோறு கையிலேயே வந்துவிடுகிறது. புளிசோறு, எலுமிச்சைச் சோறு, மோர்மிளகாய், வாழையிலையில் மடித்த தயிர்சோறு. கட்டுச்சோறு இல்லாத தமிழ்க் குடும்பப் பயணம் கிடையாது. ஆடிப்பெருக்கன்று காவிரிக்கரையில் கலந்த சாதத்தோடு உட்காருவதும், காணும் பொங்கலன்று கடற்கரைக்கும் அணைக்கரைக்கும் தூக்குச் சட்டியோடு போவதும் இந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கிற இலவசக் குடும்ப நாட்கள். வட ஆர்க்காட்டுக்காரர்களுக்கு அந்த அணைக்கரை பெரும்பாலும் தென்பெண்ணையின் சாத்தனூர். 1958இல் கட்டி முடிக்கப்பட்ட, 119 அடி கொள்ளளவு உயரம் கொண்ட அந்த அணை, மூன்று தலைமுறைகளின் புகைப்பட ஆல்பங்களில் பின்னணியாக நிற்கிறது. ஜவ்வாதின் மறுபுறம், வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், மலையடிவாரத்து அமிர்தி இருக்கிறது. அங்கே வனத்துறையின் சிறு உயிரியல் பூங்கா 1967 முதல் இருந்துவருகிறது. பிள்ளைகள் முதன்முதலாக மானையும் முதலையையும் நேரில் பார்க்கிற இடம் வேலூர்க்காரர்கள் பலருக்கு அதுதான்.

மலைமேல் போனால் ஜமுனாமரத்தூரில் கோலப்பன் ஏரியில் படகு விடுகிறார்கள். படகில் ஏற வசதியில்லாதவர்கள் கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் போவதைப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு அதிலும் பாதி மகிழ்ச்சி கிடைத்துவிடுகிறது. பீமன் நீர்வீழ்ச்சி மழைக்காலத்தின் பிள்ளை. தென்மேற்குப் பருவத்தின் பிற்பகுதியிலிருந்து வடகிழக்குப் பருவம் முடியும் வரை அதில் தண்ணீர் இருக்கும்; கோடையில் ஒடுங்கிவிடும். சித்திரை வெயிலில் அருவியில் குளிக்கலாம் என்று வருகிறவர்கள் வெறும் பாறையைப் பார்த்துத் திரும்புகிறார்கள். வாடகை வண்டியை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அந்த ஏமாற்றம் ஒரு வாரக் கூலி. ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் வருவது நல்லது. சாமை அறுவடையும் ஏறத்தாழ அப்போதுதான் என்பதால் கொல்லைகளில் ஆள் நடமாட்டம் இருக்கும்; மலை உழைக்கிற நேரத்தில் அதைப் பார்த்துவிட்டு வரலாம். மழை கொட்டிய மறுநாள் மட்டும் அருவிப் பக்கம் போகக் கூடாது. பாசி பற்றிய அந்தப் பழைய எச்சரிக்கைக்கு இன்னும் வயதாகவில்லை.

காசில்லாமல் கிடைப்பவற்றில் ஜவ்வாதின் தலைசிறந்த கொடை ஒன்று உண்டு. அது இரவில் மட்டும் தெரியும்.

ஆலங்காயத்திலிருந்து ஏறி வரும் சாலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் காவலூர். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் இங்கேதான் இருக்கிறது. நகர வெளிச்சமும் புகையும் எட்டாத, நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள ஓரிடத்தைத் தேடிய வானியலாளர் வைணு பாப்பு 1960களில் இந்தச் சந்தனக் காட்டைத் தேர்ந்தெடுத்தார். தெற்கே இவ்வளவு இறங்கி வந்தால் தென்வானத்தின் பெரும்பகுதியும் கண்ணுக்குக் கிடைக்கும் என்பது கணக்கு. 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972இல் ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் நிறுவனத்து 1 மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. அதே ஆண்டு வியாழனின் நிலவான கானிமீட் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது, அந்த நிலவுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கக்கூடும் என்பதற்கான தடயம் இங்கிருந்தும் பதிவாயிற்று. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதை உலகம் கண்டுகொண்ட அந்த நாளில், அதைப் பார்த்த சில இடங்களில் காவலூரும் ஒன்று. பாப்பு 1982இல் இறந்தார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்டு, 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தியால் தொடங்கிவைக்கப்பட்டது. 1988இல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோள் ஒன்றுக்கு, கும்பகோணத்தில் படித்த கணித மேதை ராமானுஜனின் பெயரை வைத்தார்கள்.

இவ்வளவு பெரிய அறிவு நிலையம் சனிக்கிழமைகளில் பொதுமக்களுக்குக் கதவு திறக்கிறது. வானம் தெளிவாக இருந்தால் இரவில் சிறிய தொலைநோக்கி வழியாகப் பார்க்கவும் விடுகிறார்கள். நேரமும் ஏற்பாடும் பருவத்துக்கேற்ப மாறும் என்பதால் நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். ஆம்பூரிலோ திருப்பத்தூரிலோ ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், அந்தக் குழாயில் கண்ணை வைத்து வியாழனைப் பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதன் இருபுறமும் ஒரே கோட்டில் நான்கு புள்ளிகள் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்ததும் அந்த நான்கையே. அவற்றில் ஒன்று கானிமீட். அதற்குக் காற்றுண்டா என்று இதே மலையிலிருந்து ஒருகாலத்தில் தேடினார்கள் என்று அருகில் நிற்பவர் ஒருவர் அவளுக்குச் சொன்னால் போதும். எந்தப் பணம் கட்டிய பயிற்சி மையமும் தர முடியாத பாடம் அது.

தொலைநோக்கியே இல்லாவிட்டாலும் வானம் இருக்கிறது. வடக்கே அடிவானத்துக்குச் சற்று மேலே, பன்னிரண்டு பதின்மூன்று பாகை உயரத்தில், துருவ நட்சத்திரம் நிற்கும். ஓரிடத்தின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில் அது நிற்கும் என்பதால், கையை நீட்டி அளந்தே பூமியில் எவ்வளவு வடக்கே இருக்கிறோம் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கலாம். சித்திரை, வைகாசி முன்னிரவில் தெற்கே திரும்பினால் தென்சிலுவை. காவலூரைச் சுற்றிய ஊர்களில் இரவு விளக்குகளைக் கட்டுப்படுத்துவது விஞ்ஞானிகளின் வசதிக்காக என்று பலர் நினைக்கிறார்கள். இருட்டும் ஒரு பொதுச் சொத்து. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் எந்த விலை கொடுத்தாலும் இனி வாங்க முடியாத சொத்து.

பொது வெளியில் நடப்பதும் உட்காருவதும் காசு உள்ளவர்களின் உரிமையாக மட்டும் இருக்கக் கூடாது என்று போராடிய வரலாறு உலகில் உண்டு. இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சுற்றிய மலைமேடுகள் பிரபுக்களின் வேட்டைக்காக அடைக்கப்பட்டிருந்தன. 1932 ஏப்ரல் 24 அன்று ஆலைத் தொழிலாளர்களும் வேலையில்லாத இளைஞர்களுமாக நூற்றுக்கணக்கானவர்கள் தடையை மீறி கிண்டர் ஸ்கவுட் மேட்டில் ஏறினார்கள். முன்னின்ற பென்னி ராத்மனுக்கு வயது இருபது. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1951இல் அந்தப் பகுதியே பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. ஓய்வும் பொழுதும் மனித உரிமை என்று 1948இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனம் 24ஆம் பிரிவில் எழுதிவைத்தது. வாரம் ஆறு நாள் தோல் தொழிற்சாலையில் நிற்கிறவருக்கு அந்தப் பிரிவு நடைமுறையில் கிடைக்கிற இடம், ஒரு பேருந்து தூரத்திலுள்ள மலைதான்.

பேருந்து என்ற சொல்லை இங்கே அழுத்தித்தான் சொல்ல வேண்டும். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஐந்து வயது வரை குழந்தைகளுக்கும் அரசுப் பேருந்தில் டிக்கெட் இல்லை. நகரப் பேருந்து ஓடுகிற ஊரிலிருந்தானால் போளூர், திருப்பத்தூர் வரைக்கும் அம்மாவும் பாட்டியும் கைக்குழந்தையும் செலவில்லாமல் வந்துவிடலாம். மேலே ஏறும் பேருந்துக்கு எது பொருந்தும் என்று நடத்துநரைக் கேட்டுக்கொள்ளலாம். இந்தத் திட்டத்தை வேலைக்குப் போகும் பெண்களின் சேமிப்பாகவே எல்லோரும் பேசினார்கள். பெண்கள் தங்கள் மகிழ்ச்சிக்காகவும் ஊரைவிட்டு ஒருநாள் கிளம்பலாம் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

மலையில் காசில்லாமல் கிடைக்கிற மகிழ்ச்சிக்கு யாராவது விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்களா என்பதையும் வருகிறவர்கள் கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறார்கள். இந்த மலையின் சந்தனம் திருப்பத்தூர் அரசுக் கிடங்குக்குப் போய் ஏலத்தில் விற்றது. மலையில் வாழ்ந்தவர்களுக்கு அதில் பெரிய பங்கு வந்ததில்லை. சாமையும் தினையும் மழையை நம்பிய பயிர்கள். கொல்லையில் வேலையில்லாத மாதங்களில் ஆண்கள் மலையிறங்கிக் கூலி தேடிப் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்த ஏழைகள். ஒரு ஞாயிறு இங்கே வந்து பலாச்சுளையும் குளிர்ந்த காற்றும் அனுபவித்துத் திரும்புகிறவர் இதை மறந்துவிட்டு மலையைப் பற்றிப் பேசக் கூடாது.

பாறைமேல் உடைத்துப் போடும் பாட்டிலும் இந்தக் கணக்கில் சேரும். அந்தப் பாறையில் மறுநாள் வெறுங்காலோடு நடப்பது மலைப் பிள்ளைகளும் அவர்களுடைய ஆடுமாடுகளும். காலி மதுப்பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும் என்ற ஏற்பாட்டை சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கினார்கள். பாட்டில்கள் பெருமளவில் திரும்பி வந்தன. எல்லா மலைக்கும் வேண்டிய ஏற்பாடு அது. குடித்துவிட்டுக் கூச்சலிடும் கும்பல் அருவிக்கரையைப் பிடித்துக்கொண்டால் குடும்பங்கள் வராமல் போய்விடும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலில் வராமல் போவது பெண்கள். அவர்கள் வர வேண்டுமானால் இன்னொன்றும் வேண்டும்: தண்ணீரோடு, தாழ்ப்பாளோடு, சுத்தமான கழிப்பறை. காலையில் கிளம்பி இரவு திரும்பும் வரை தண்ணீர் குடிக்காமல் சமாளிக்கிற பெண்கள் எத்தனையோ பேர். கண்ணாடி மாளிகையும் செல்ஃபி மேடையும் கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

காட்டுக்குள் வழியறியாமல் நுழைவது வேறு விஷயம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்ற வழிகளைக் கட்டணத்தோடும் வழிகாட்டிகளோடும் அறிவித்தது. உள்ளூர்ப் பழங்குடி இளைஞருக்கு வழிகாட்டி வேலை தருகிற அளவில் அது நல்லதே. ஆனால் அந்தக் கட்டண முறை ஏரிக்கரைக்கும் சாலையோரத்துப் பாறைக்கும் அருவிப்பாதைக்கும் நீண்டுவிடக் கூடாது. தலைக்கு இவ்வளவு என்று வைத்தால் கார் வைத்திருப்பவர் யோசிக்காமல் கொடுத்துவிட்டுப் போவார்; ஆறு பேராகப் பேருந்தில் வந்த தறிக்காரர் குடும்பம் வாசலிலேயே திரும்பிவிடும். வன உரிமைச் சட்டம் 2006இல் கிராம சபைக்குக் காட்டின்மேல் உரிமையை ஒப்புக்கொண்டது. எங்கே யாரை விடலாம், எங்கே விடக் கூடாது, வசூலாகிற பணம் யாருக்கு என்பதில் முதல் சொல் அந்தச் சபைகளுக்கே இருக்க வேண்டும்.

ஜவ்வாதுக்கு வருகிறவர்கள் கட்டுச்சோற்றோடு தாராளமாக வரட்டும். திரும்பும்போது ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் ஒரு படி சாமையும் காலத்துக்கேற்ற சீத்தாப்பழமோ பலாவோ புளியோ பேரம் பேசாமல் வாங்கிப் போகட்டும். கொண்டுவந்த இலையும் கவரும் பாட்டிலும் அவர்களோடே இறங்கிப் போகட்டும். வசூல் வேண்டுமென்றால் மலையேறும் வாகனத்துக்கு வைக்கட்டும், அதை மலையூர்களுக்கே செலவிடட்டும். பேருந்தில் வந்து இறங்குகிற குடும்பத்திடம் காசு கேட்க வேண்டாம்.